வேஷம் கட்டுவதும் கலைப்பதும்

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட அம்பத்தூர் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மனநோய், குடிநோய், நாடகம் மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விடுதலை அரசியல் பேசுகிற இடத்தில் இதுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். பஞ்சமி நிலம் இருக்கு, வன்கொடுமை வழக்குகள் இருக்கு, இதுக்கு நடுவுல பைத்தியத்தையும் குடிகாரனையும் வச்சு நாடகமா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்ம பக்கத்தில் இரண்டு வசவு உண்டு. ஒன்று 'கீழ்ப்பாக்கம் கேஸு'. இன்னொன்று 'மட்டை'. பஸ்ஸிலும் டீக்கடையிலும் சினிமா காமெடியிலும் சிரித்துக்கொண்டே சொல்கிற வார்த்தைகள்தான். ஆனால் ஒரு ஆள் மேல் இந்த வார்த்தை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் பேசுவதை யாரும் கேட்க வேண்டியதில்லை. "கூலி கம்மியாக் குட்த்தான்" என்று ஒருத்தர் சொன்னால் "குடிச்சிட்டு உளர்றான்" என்று முடித்துவிடலாம். "வூட்ல அடிக்கிறாங்க" என்று ஒரு பெண் சொன்னால் "அதுக்கு மூள சரியில்ல" என்று முடித்துவிடலாம். ஸ்டேஷனில் புகார் எடுக்க மாட்டார்கள். பஞ்சாயத்தில் அவர் சாட்சி செல்லாது. ஒருத்தனின் பேச்சைப் பேச்சாகவே எண்ணாமல் இருப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது நம் வரலாறு. அதே காரியத்தை நம் சேரிக்குள், நம் வீட்டுக்குள், நாமே ஒருத்தருக்குச் செய்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை இங்கே பேச வேண்டும் என்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். ஃபூக்கோ பெயரைச் சொல்லி, பைத்தியம் என்பதே அதிகாரம் கட்டியெழுப்பிய சொல்லாடல் என்று சிறுபத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. யாரைப் பூட்டுவது என்று முடிவு செய்வது அதிகாரம்தான். ஆனால் நோய் என்று ஒன்று இருக்கிறது தோழர்களே. நாலு ராத்திரி தூங்காமல், யாரோ காதுக்குள் திட்டுகிறார்கள் என்று சுவரில் தலையை மோதிக்கொள்கிற பையனின் அம்மாவிடம் போய் இது கட்டுமானம் என்று சொல்ல முடியாது. நோயும் உண்மை, நோயாளியை வாயடைக்கிற அதிகாரமும் உண்மை. இரண்டையும் ஒருசேரப் பார்க்கத்தான் நமக்கு ஒரு முறை வேண்டும்.

நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1960களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1961இல் வந்த ஆவடி டாங்கி தொழிற்சாலை. பாடியில் லூகாஸ், கொஞ்சம் தள்ளி டன்லப். நிரந்தர வேலை, கேன்டீன், போனஸ் என்று ஒரு தலைமுறை இங்கே நிமிர்ந்தது. டன்லப் மூடிப்போன கதை உங்கள் அப்பாக்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதே கேட்டுக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் காண்டிராக்ட். 2003இல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக் கையில் அரசே எடுத்துக்கொண்டது. வேலை கைவிட்டுப்போன அதே வருஷங்களில் கடை மட்டும் பக்கத்தில் வந்தது.

மருத்துவத்தைப் பார்த்தால் நாம் ஒன்றும் அத்துவானக் காட்டில் இல்லை. 1794இல் கும்பெனி காலத்தில் ஆரம்பித்து, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மனநல மருத்துவமனை ஒரு பஸ் தூரம். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. தெருவில் திரியும் மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய 'பான்யன்' அமைப்பின் 'அடைக்கலம்' நம் முகப்பேரில் இருக்கிறது. இருந்தும் நம் ஆட்கள் முதலில் போவது எங்கே? மந்திரிக்க, கயிறு கட்ட, அதுவும் கேட்கவில்லை என்றால் யாரோ சொன்ன ஒரு 'ஹோமு'க்கு. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பாரில்லை.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. விடிகாலையில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்கள் கத்தியிருப்பார்கள். ராத்திரியில் கத்துவது அங்கே வழக்கம்தானே என்று எண்ணுகிற ஒரு உலகத்தில்தான் அவர்கள் கத்தினார்கள்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன்.

நாடகம் வழி சிகிச்சை என்றால் நோயாளிகளுக்கு நாடகம் போட்டுக் காட்டுவது இல்லை. ஆண்டு விழாவுக்கு அவர்களைப் பாரதியார் வேஷம் போடவைத்துக் கைதட்டுவதும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு சின்னக் குழுவோடு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள், மூடிய அறைக்குள் செய்கிற வேலை இது. பார்வையாளர் கிடையாது. விளையாட்டில் ஆரம்பித்து, கற்பனைப் பாத்திரங்கள் வழியாகப் போய், ஆள் தயாரான பிறகு, தன் வாழ்க்கையின் ஒரு துண்டை நடித்துப் பார்ப்பது. நடித்ததைப் பற்றிப் பேசுவது. பிறகு அதிலிருந்து வெளியே வருவது.

இதற்கு ஒரு முன்னோடி ஜேகப் மொரேனோ. 1913 வாக்கில் வியன்னாவில் பாலியல் தொழில் செய்த பெண்களைச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவைத்தார். போதனை பண்ணவில்லை. அவர்களே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1920களில் எழுதிவைத்த வசனம் இல்லாத நாடகம் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் 1936இல் ஒரு மனநல விடுதியில் இதற்கென்றே மேடை கட்டினார். அவர் தந்த உத்திகள் எளிமையானவை. காலி நாற்காலி போட்டு, இல்லாத ஆளிடம் பேசுவது. இடம் மாறுவது, அதாவது நான் என் மனைவியாக, இன்னொருவர் நானாக. கண்ணாடி, அதாவது நான் செய்வதை வேறொருவர் செய்துகாட்ட நான் தள்ளி நின்று பார்ப்பது.

பிரேசிலின் அகஸ்டோ போவாலை வீதிநாடகத் தோழர்களுக்குத் தெரியும். ஒடுக்கப்பட்டோர் அரங்கு. அவர் நாடு கடந்து ஐரோப்பாவில் இருந்தபோது, அங்கே தெருவில் போலீஸ் இல்லை, ஆனால் ஆட்களின் மண்டைக்குள் போலீஸ் இருக்கிறது என்று கண்டு, அதற்கென்று தனியாக உத்திகள் வகுத்தார். நம் மண்டைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் மட்டுமா? டம்ளரைத் தனியாக வைத்தவன் இருக்கிறான், வகுப்பில் ஸ்காலர்ஷிப் பெயரை உரக்கப் படித்த வாத்தியார் இருக்கிறார்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட முக்கியமாகப் படுவது ஃபனான். அவரைப் புரட்சிக்காரராக மட்டுமே நாம் படிக்கிறோம். அவர் மனநல மருத்துவர். 1953இல் அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் கூட்டம், பத்திரிகை, கலைநிகழ்ச்சி, கைவேலை என்று ஆரம்பித்தார். வார்டின் முகமே மாறியது. அதையே அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் வார்டில் செய்தார். மாதக்கணக்கில் பாடுபட்டும் ஒன்றும் அசையவில்லை. ஆட்கள் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். 'இவர்கள் மந்தமானவர்கள்' என்பது காலனிய மருத்துவத்தின் பதில். ஃபனான் அப்படிச் சொல்லவில்லை. முறைதான் தவறு, இவர்கள் வாழ்க்கையைத் தெரியாமல் வந்திருக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதினார். பிறகு வார்டுக்குள் அவர்கள் ஊர்க் காப்பிக்கடை மாதிரி ஒன்று திறந்தார். அவர்கள் பண்டிகைகளைக் கொண்டாடினார். ஊர் ஊராகப் போகும் கதைசொல்லியை அழைத்துவந்தார். மௌனம் உடைந்தது. தன் கதை தன் மொழியில், தன் இடத்தில் வரும்போதுதான் வாய் திறக்கும். நமக்கு ஃபனான் தருகிற பாடம் இது.

அப்படியானால் நம் காப்பிக்கடை எது, நம் கதைசொல்லி யார்?

இங்கிருந்து மேற்கே, திருவள்ளூரும் காஞ்சிபுரமும் கூத்து மண். கூத்தில் ராஜா வருவதற்கு முன்னாடி யார் வருகிறார்? கட்டியங்காரன். அவன் ராஜாவோடும் பேசுவான், ஜனங்களோடும் பேசுவான். ராஜாவைக் கேள்வி கேட்பான், கிண்டல் பண்ணுவான், புரியாததை உடைத்துச் சொல்வான். போவால் தன் அரங்குக்கு 'ஜோக்கர்' என்று ஒருவரை வைத்தார். கதைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நிற்கிறவர். நமக்கு அவரை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. வெளியே போர்டில் 'தெரபிஸ்ட்' என்று எழுதினால் நம் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். 'நான்தான் கட்டியங்காரன்' என்று சொல்லிக்கொண்டு வந்தால் சிரிக்கிறார். சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

கூத்தில் இன்னொரு பெரிய ஞானம் இருக்கிறது. துகில் நடக்கிற ராத்திரி துச்சாதனன் வேஷம் கட்டியவருக்கு ஆவேசம் வந்துவிடும். பிடித்து நிறுத்தப் பக்கத்தில் ஆள் இருக்கும். கற்பூரம் காட்டுவார்கள், ஆசுவாசப்படுத்துவார்கள். அப்புறம் விடிந்தால் வேஷம் கலைப்பது. முகத்தில் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்து, கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் மறுபடியும் விவசாயக் கூலியாக, தகப்பனாக டீக்கடைக்குப் போவார். வேஷம் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கலைக்கவும் தெரிய வேண்டும். மேலைநாட்டு நாடகச் சிகிச்சையிலும் இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். நம் கூத்துக்காரருக்கு இது தொழில் சுத்தம்.

சாமி ஆடுவதையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். மருமகள் ஆடும்போது, சாதாரண நாளில் சொல்ல முடியாததை மாமியாரிடம் சொல்லிவிடுகிறாள், எல்லோரும் கைகட்டிக் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் விடிந்ததும் 'அது சாமி சொன்னது' என்று ஆகிவிடுகிறது. அவள் சொன்னதாக இல்லை. மறுநாள் அவள் பழைய மருமகள். நாடகச் சிகிச்சையில் 'நான் சொன்னேன்' என்பது கூடவே வீட்டுக்குப் போக வேண்டும். வித்தியாசம் அதுதான்.

ஆவடிப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சில காலம் வாராவாரம் போய் இந்த வேலையில் உதவி செய்திருக்கிறேன். இல்லத்தின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒருநாள் பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் ஒரு பொருளாகப் பேசச் சொன்னார். ஒருத்தர் செருப்பானார், ஒருத்தர் டிபன் பாக்ஸ் ஆனார். நாற்பது வயசு இருக்கும் ஒரு அண்ணன், "நான் குவார்ட்டரு" என்று எழுந்து நின்றார். குவார்ட்டர் பாட்டில் பேச ஆரம்பித்தது. "இவன் பொண்டாட்டி அம்மா வூட்டுக்குப் பூட்டா. புள்ள பேசறதில்ல. நான்தான் கூட கீறேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கட்டியங்காரனாக நின்ற பயிற்சியாளர் கேட்டார்: "ஏம்பா குவார்ட்டரு, உன்ன இவன்கிட்ட மொத மொத இட்டுனு வந்தது யாரு?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாட்டிலாகவே சொன்னார்: "மேஸ்திரி. அடைப்பு எடுக்கத் தொட்டில எறங்கணும். நாத்தம் தாங்காதுன்னு மேஸ்திரிதான் காசு குட்த்து என்ன வாங்கியாரச் சொன்னான். அப்ப இவனுக்குப் பத்தொம்பது வயசு."

அறையில் சிரிப்பு நின்றுபோனது. அங்கே உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பேர், எங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள்.

தோழர்களே, குடியை நாம் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசிப் பழகியிருக்கிறோம். சாவுக்குப் பறையடிக்கப் போனால் கூலியோடு சாராயம். குழிக்குள் இறங்கினால் இறங்குவதற்கு முன்னால் சாராயம். சில வேலைகளில் கடப்பாரை மாதிரி, கயிறு மாதிரி, சாராயமும் ஒரு வேலைக் கருவி. கொடுத்தவன் கை சுத்தமாக இருக்கிறது, குடித்தவன் வாய் மட்டும் நாறுகிறது. கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் சட்டம் வந்தது, மலக்குழியில் ஆளை இறக்குவதையும் சேர்த்துத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. அந்த வேலையோடு வந்து ஒட்டிக்கொண்ட நோயைப் பற்றி நாம் பேசுவதில்லை. இருபது வருஷமாக அந்த அண்ணனிடம் "ஏன் குடிக்கிற?" என்று கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். "யார் கொடுத்தது?" என்று கேட்டது அந்தக் கட்டியங்காரன் ஒருத்தன்தான்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அடுத்த வாரம் அதே அண்ணன், இடம் மாறும் பயிற்சியில் தன் மனைவியாக உட்கார்ந்தார். இன்னொருவர் அவராக நடித்து, சம்பளத்தன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கதவை உதைத்தார். மனைவியாக இருந்தவர் பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டார். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகப் போனது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குடிப்பதற்குக் காரணம் உண்டு. அடிப்பதற்குக் காரணம் கிடையாது. நாடகம் இரண்டையும் அவர் முன்னால் வைத்தது. மேஸ்திரியைக் காட்டியதால் அவர் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். வெளியே போனார், நாலைந்து மாதம் குடிக்காமல் இருந்தார், மறுபடி குடித்தார், மறுபடி வந்தார். தானாக வந்தார் என்பதுதான் வித்தியாசம். குடிநோயில் மறுபடி விழுவது நோயின் போக்கு. அதற்காக ஆளை விட்டுவிட முடியாது.

இரண்டாவது, ஒரு அக்கா. அதே வளாகத்தில் பெண்கள் பகுதியில் இருந்தார். மனச்சிதைவு. மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் பேச்சில்லை. அவரிடம் யாரும் குரல்களைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னிக்கு நீங்க யாரா இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். "ரேஷன் கடை" என்றார். ஒரு மேசை போட்டோம். எல்லோரும் வரிசையில் நின்றோம். அவர் அரிசி அளந்தார். காற்றில்தான் அளந்தார், ஆனால் படியைத் தட்டிச் சரிபார்த்துத்தான் அளந்தார். "கார்டு எங்க?" என்று அதட்டினார். வரிசையில் முந்திய ஒருத்தரைப் பின்னால் போகச் சொன்னார். அங்கே இருந்த அத்தனை பேர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாள் பேசாமல் இருந்தவர் எல்லோரையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் பேசாமல்தான் இருந்தார். ஆனால் சமையலறையில் அரிசி அளக்கிற வேலையை அவரிடம் கொடுத்தார்கள். நோயாளி என்ற ஒரே வேஷம்தான் அதுவரை அவருக்கு இருந்தது. இன்னொன்று கிடைத்தது.

இப்போது எச்சரிக்கைகள். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நாடகம் மருந்துக்கு மாற்று இல்லை. மனச்சிதைவுக்கு நாடகச் சிகிச்சை பற்றி உலகளவில் நடந்த முறையான ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது தேறியது 5 ஆய்வு, 210 பேர். பலன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. எனவே நாடகத்தால் மனநோய் குணமாகும் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். மருந்தும் மருத்துவரும் இருக்கிற இடத்தில், கூடவே செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது, தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு ஆடும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நாட்களில் அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரி. பூட்டிவைப்பதும் வேண்டாம், பயிலரங்கமும் வேண்டாம். அதேபோல், தெரியாமல் சோற்றில் கலந்துகொடுக்கிற மாத்திரை வேண்டவே வேண்டாம். அதன் மேல் குடித்தால் ஆளையே கொண்டுபோகலாம்.

மூன்றாவது, குரல் கேட்கிறவரிடம் அந்தக் குரலை நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள். எது நடிப்பு எது நிஜம் என்ற கோடே அவருக்குக் கலங்கியிருக்கிறது. ரேஷன் கடை போதும்.

நான்காவது, அறைக்குள் வந்தது அறைக்குள் இருக்க வேண்டும். அதைக் கதையாக்கி, வீதிநாடகமாக்கி, அவர் தெருவிலேயே போடக்கூடாது.

ஐந்தாவது, சட்டம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அரசு மனநலச் சேவை பெறுவது உரிமை என்கிறது. சலுகை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, நாடகத் தோழர்களிடம் ஒரு வார்த்தை. 90களில் கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் தலித் அரங்கு என்ற பேச்சை எழுப்பினார்கள். நம் உடல், நம் இசை, நம் வலி மேடைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1991இல் 'அன்னை இட்ட தீ' நாடகத்தில் போர் மனசுக்குள் செய்த காயத்தைப் பேசினார். ஆனால் இன்றும் குடியொழிப்பு வீதிநாடகம் என்றால் என்ன பார்க்கிறோம்? ஒருத்தர் தள்ளாடுவார், லுங்கி அவிழும், ஜனங்கள் சிரிப்பார்கள். பொண்டாட்டி அழுவாள். கடைசியில் ஒரு படித்த பையன் வந்து அறிவுரை சொல்வான். கூட்டத்தில் நிற்கிற நிஜக் குடிநோயாளி பாதியிலேயே நழுவிக் கடைப்பக்கம் போய்விடுவார். சினிமா காமெடி செய்வதையே நாமும் பறையடித்துச் செய்கிறோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். குடும்பத்துக்கு 10 லட்சம் என்றதும், 'குடிச்சிச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்' என்று எத்தனை பேர் பேசினார்கள். செத்த பிறகும் அவர்கள் குடிகாரர்கள்தான், மூட்டை தூக்கியவர்களோ தகப்பன்களோ இல்லை. அந்த ஒற்றை வேஷத்தை ஊர் போட்டது, கலைக்கவே விடவில்லை.

பாபாசாகேப் 1956இல் நாக்பூரில் எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அதை நாம் சுவரில் எழுதுகிறோம். அதை எடுக்க விரும்பியும் கை நடுங்குகிறவர் நம் மன்றத்து வாசலில் நிற்கிறார். அவரைத் துரத்திவிட்டு உறுதிமொழி படிக்க முடியுமா?

அதனால் என் யோசனை இதுதான். ஒவ்வொரு மன்றத்திலும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு அறை, பத்துப் பேர். பயிற்சி பெற்ற ஒருவர், தொடர்பில் ஒரு மருத்துவர். குடும்பத்துப் பெண்களுக்குத் தனியாக ஒரு நாள். நம் இளைஞர்களில் நாலு பேர் கட்டியங்காரன் வேலையை முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்கத் தெரிந்தவனாக, வேஷம் கட்டிவிட்டவரைக் கலைக்காமல் வீட்டுக்கு அனுப்பாதவனாக.

இது நடக்குமா, நம்மால் முடியுமா, இதில் என்ன சிக்கல் என்று நீங்கள் பேசுங்கள். கேட்டுக்கொள்கிறேன். ஜெய்பீம்.